திறந்து பார்த்த பின் பணம்

சென்ற வருட நோன்புக்குச் சற்று முன்னர் என் ராத்தா கேக் அடிக்கும் மெஷின் ஒன்று வாங்கினார். தையலில் சிறுகச் சிறுகச் சேர்த்த 9,500 ரூபா அது. முகநூலில் கண்ட கொழும்புக் கடையொன்றுக்கு ஓடர் கொடுத்தார். நான்காம் நாள் காத்தான்குடிக்குப் பொதி வந்து சேர்ந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது.

"திறந்து பார்க்கலாமா தம்பி?" என்று உம்மா கேட்டார்.

"காசு தந்த பிறகுதான் சாச்சி திறக்கலாம்" என்றார் கூரியர் தம்பி. காசைக் கொடுத்தோம். உள்ளே கண்ணாடிக் கிண்ணம் இரண்டாகப் பிளந்திருந்தது. மெஷினின் கழுத்திலும் வெடிப்பு.

கடைக்காரர் கூரியரைக் குறை சொன்னார். கூரியர் நிறுவனம், கடைக்காரர் ஒழுங்காகப் பொதி செய்யவில்லை என்றது. "நமக்கு ஏன் வம்பு, போனது போகட்டும்" என்றார் உம்மா. ராத்தாவும் பேசாமல் இருந்துவிட்டார்.

அந்தப் பேசாமல் இருந்தது பிழை என்பதே என் கருத்து. பல மாதங்களுக்குப் பிறகு வணிகக் கல்விப் பாடத்தில்தான் எனக்கு விடயம் விளங்கியது.

நமது நாட்டில் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பொருளைக் கொண்டுவந்து தரும்போது, வேறு விதமாக உடன்பட்டிருந்தாலன்றி, வாங்குபவர் கேட்டால் அதைப் பரிசோதிக்க நியாயமான சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ராத்தா அப்படி எதற்கும் உடன்பட்டிருக்கவில்லை. கூரியர் தம்பியைக் குறை கூறி என்ன பயன்? அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் நமக்குச் சொன்னார். கேட்கப்பட வேண்டியவர் விற்றவரே.

மழையில் நனைந்த தானியத்தை உள்ளே வைத்து விற்ற வியாபாரியின் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தது அவருடைய குற்றமல்ல. ஆயினும், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூடிய பெட்டிக்குப் பணம் வாங்குபவர்களிடம் நாமும் அதைக் கேட்கலாம்.

அதே 1896ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமக்குப் பாதகமான ஓரிடமும் உண்டு. பொருளை எடுத்துச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே, பொதுவாக அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும். மாட்டு வண்டிக் காலத்து விதி! பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம், பொருள் நுகர்வோரின் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு வியாபாரியுடையதே என்று ஆக்கிவிட்டது. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் நமக்குத்தான் அத்தகைய விதி அதிகம் தேவை. இங்கும் அது வர வேண்டும்.

ஆனாலும் அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வியாபாரிக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியவற்றை அழித்துவிடாதீர்கள். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆவணத்தைச் செல்லாது என்று தள்ளக் கூடாது என 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கிறது.

இதையெல்லாம் நான் வீட்டில் வந்து சொன்னபோது அந்த மூன்று மாதங்கள் எப்போதோ முடிந்திருந்தன. "படிச்ச புள்ள கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ராத்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நமதூரில் வீட்டிலிருந்தபடியே அபாயா, கேக், அச்சாறு என்று விற்கும் பெண்கள் ஏராளம். வாங்குபவருக்குள்ள உரிமை இவர்களுக்குக் கடமையாகிறது. சிலருக்கு இது கசக்கலாம். ராத்தா இப்போது வேறொரு மெஷினில் கேக் செய்து ஏறாவூர்வரை அனுப்புகிறார். பெட்டியின் மேல் அவர் கைப்பட எழுதி ஒட்டும் துண்டில் இருப்பது இவ்வளவுதான்: "திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்."