தேக்காவில் விற்கும் வானியல்

சிராங்கூன் சாலைக் கடைகளில், பூச்சரத்துக்கும் ஊதுவத்திக்கும் பக்கத்தில் பஞ்சாங்கம் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். நம்மில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறோம்? "அதெல்லாம் பாட்டி சமாச்சாரம்" என்று நகர்ந்துவிடுகிறோம். அதே நாம் மேடை ஏறினால், "தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே கிரகணத்தைக் கணித்தவன் தமிழன்" என்று முழங்கவும் தயங்குவதில்லை. கைதட்டலும் கிடைக்கும். அந்த அலட்சியத்துக்கும் இந்த முழக்கத்துக்கும் காரணம் ஒன்றுதான்: நாம் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

முழக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761இல் போர் காரணமாகக் கரை இறங்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1769இல் கருவிகளோடு தயாராக நின்றார், மேகம் மறைத்துவிட்டது. பாவம் மனிதர்! ஆனால் புதுச்சேரியில் தமிழர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்தக் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் பெயர் பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 வினாடி கூடுதலாகச் சொன்னது.

மேடைப் பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடும். கதை நிற்கவில்லை. 1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக இருந்த எண்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணிப்பதைப் பதிவு செய்தார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. வியப்புதான். ஆனால் தொடக்கத்தில் 4 நிமிடமாக இருந்த பிழை, நடுவில் 23 நிமிடமாகவும் முடிவில் 52 நிமிடமாகவும் வளர்ந்தது. கணக்கின் பின்னுள்ள கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதினார். 41 வினாடியைச் சொல்லிவிட்டு 52 நிமிடத்தை மறைப்பது வரலாறு ஆகாது.

அந்த மனப்பாட எண்கள்தான் 'வாக்கியம்'. சந்திரன் பூமியை நெருங்கி விலகும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறத்தாழ 248 நாள் ஆகும். நாளுக்கு ஒரு சிறு சமஸ்கிருத வாக்கியம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். வாக்கியங்கள் நெஞ்சில் இருந்தால் அட்டவணையே நெஞ்சில் இருந்த மாதிரி. இந்த 248 நாள் கணக்கு பாபிலோனியரிடமும் இருந்ததை ஆட்டோ நியூகெபவர் 1952இல் எடுத்துக்காட்டினார். நாமும் பிறரிடம் கற்றவர்களே. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பிழையைத் திருத்த முன்வந்தவரும் நம் மண்ணில் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். வானத்தைப் பார்த்து, கணக்கை அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்று வாதாடி, அம்முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். நம் பட்டிமன்றங்களில் இவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவர் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. 2023இல் சனிப்பெயர்ச்சி எப்போது? திருக்கணிதப் பஞ்சாங்கம் ஜனவரி 17 என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் டிசம்பர் 20 என்றது. பதினொரு மாத இடைவெளி! சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே கணக்கு சில பாகை பிசகினாலும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். பெயர்ச்சியால் நன்மையா தீமையா என்பது அவரவர் நம்பிக்கை. சனி எங்கே இருக்கிறது என்பது நம்பிக்கை அல்ல. நகர வெளிச்சத்திலும் அது வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு நாள்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9.00 வரை. சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் பகலை எட்டாகப் பிரித்த கணக்கு அது. நம் தீவு இருக்கும் இடத்துக்கு இயல்பான நேரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 7 மணி முன்னே; ஆனால் 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் 8 மணி முன்னே ஓடுகிறது. அதனால் இங்கே சூரியன் உதிப்பது 7 மணியை ஒட்டித்தான். அப்படியானால் இங்கே திங்கட்கிழமை ராகு காலம் ஏறத்தாழ 8.30 முதல் 10.00 வரை. திதியின் கதை வேறு. அது சந்திரனும் சூரியனும் நிற்கும் நிலையைப் பொறுத்தது. உலகெங்கும் ஒரே கணத்தில் மாறும். அதற்கு இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டினால் போதும். இரண்டுக்கும் ஒரே வாய்ப்பாட்டைப் போடுபவர்களை என் உறவினர்களிடையே பார்க்கிறேன். அவர்கள் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள்!

2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் ஆறு சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்கள் ஏறின. அவற்றில் நான்கு நம் பல்கலைக்கழகங்களில் உருவானவை. பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய ஏவுதளம் அது. சுற்றுப்பாதையைக் கணிக்கத் தெரிந்த மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆகவே பேரவையின் அடுத்த செயற்குழுவுக்கு என் கோரிக்கை இது. 'விஞ்ஞானத்தில் விஞ்சி நிற்பது அன்றைய தமிழனா, இன்றைய தமிழனா' வகைத் தலைப்பு ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மாலையில் கணினி படிப்பவர் இருவர், இயற்பியல் படிப்பவர் ஒருவர், தமிழ் படிப்பவர் ஒருவர் என்று ஒரு குழுவை உட்கார வையுங்கள். தேக்காவிலிருந்து வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று வாங்கி வாருங்கள். சிங்கப்பூர் உதயத்துக்கு ஓராண்டுக் கணக்கைப் போட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிசகுகிறது, ஏன் என்று தமிழில் எழுதி அடுத்த மலரில் வெளியிடுங்கள். நியூகெபவரின் கட்டுரையை நூலகத்தில் தேடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.