துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போறீங்களா? பையில முதல்ல வைக்க வேண்டியது காதடைப்பான்!

1/
என்சிசி கேம்ப் ஃபயரிங், ரைபிள் கிளப் பயிற்சி வகுப்புன்னு திறந்தவெளியில துப்பாக்கி சுடப் போறவங்க இப்ப நிறைய பேர். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் அங்கே ட்ராப் பிரிவில் சுட்டார். ஆர்வம் வருவது நல்லதுதான். ஆனா கொண்டுவர வேண்டிய பொருட்கள் பட்டியலில் தட்டு, டம்ளர், பெட்ஷீட் எல்லாம் இருக்கும். பல இடங்களில் காதடைப்பான் மட்டும் இருக்காது. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

2/
ஒலியை டெசிபலில் அளக்கிறோம். திடீர்னு வெடிக்கும் சத்தத்துக்குப் பெரியவர்களின் காதுக்கான உச்சவரம்பு 140 டெசிபல். குழந்தைகளுக்கு 120ஐத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
.22 ரைபிள் கிட்டத்தட்ட 140ஐ ஒட்டி வரும். 9 எம்எம் பிஸ்டலும் 12 போர் துப்பாக்கியும் 150ஐத் தாண்டி 160 வரைக்கும் போகும்.
தீபாவளிக்கு வெடி வெச்சா ஓடி வந்துடுறோம். இங்கே வெடிக்கிற பொருள் கன்னத்துல ஒட்டி இருக்கு!

3/
"எம் பையன் சுடுறதே 5 ரவுண்டுதான் டாக்டர்" என்பீங்க.
கணக்குப் போடுங்க. ஒரு வரிசையில் 8 பேர் படுத்து ஆளுக்கு 5 ரவுண்டு சுட்டா, அவன் காதில் விழுவது 40 வெடிச்சத்தம். அடுத்த பேட்ச் சுடும்போது பின்னாடி உட்கார்ந்திருந்தா அதுவும் சேரும். தன் முறை முடிஞ்சதும் காதடைப்பானைக் கழட்டி அடுத்தவனுக்குக் கொடுப்பது சரியில்லை. ரேஞ்சை விட்டு வெளியே வர்ற வரைக்கும் காதில் இருக்கணும்.

4/
"ஆர்மிக்குப் போகப்போற பிள்ளை, சத்தத்துக்குப் பழகட்டுமே."
அடிக்கடி கேட்கும் வாதம் இது. தவறான வாதம்.
காது சத்தத்துக்குப் பழகாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிசெல்கள் சேதமானா திரும்ப முளைக்காது. சத்தம் வந்தா இறுகும் ஒரு சின்னத் தசை காதுக்குள்ளே இருக்குதான். ஆனா அது இறுகுவதற்குள் துப்பாக்கிச் சத்தம் உள்ளே போய்டும். "முன்ன மாதிரி சத்தம் தொந்தரவா இல்ல"ன்னு தோணினா, அது கேட்கும் திறன் குறைஞ்சதாலயும் இருக்கலாம்.
இன்னொன்னு. ராணுவ மருத்துவப் பரிசோதனையில் காதையும் சோதிப்பாங்க. எந்த வேலைக்காகப் பயிற்சி எடுக்கிறானோ, அந்த வேலையையே காது கெடுத்துடலாம்.

5/
சரி, என்ன வாங்கணும்?
✅ ஃபோம் காதடைப்பான். ஒரு ஜோடி காபி விலைதான். இரண்டு ஜோடி வைங்க.
✅ முடிஞ்சா ஹெட்போன் மாதிரி இருக்கும் இயர்மஃப். ஃபோம் உள்ளே, மஃப் மேலே. இரண்டும் சேர்ந்தா, அதில் சிறந்த ஒன்றைவிட ஏறத்தாழ 5 டெசிபல் கூடுதல் பாதுகாப்பு.
❌ பஞ்சு வேண்டாம். எண்ணெயில் நனைச்ச பஞ்சும் வேண்டாம். விரலால் காதைப் பொத்திக்கலாம்னா, ட்ரிகரை யார் அழுத்துவது?

6/
போடும் முறை முக்கியம். ஃபோமை விரல்களில் உருட்டி ஒல்லியாக்குங்க. மறுகையைத் தலைக்குப் பின்னாடி கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விடுங்க. அது விரியும் வரை அரை நிமிஷம் விரலால் பிடிச்சிருங்க. வெளியே பாதி தெரிஞ்சா பாதி வேலைதான் செய்யுது. வீட்டிலேயே ரெண்டு தடவை பழகுங்க.
மஃபுக்கு அடியில் ஜிமிக்கி, தொங்கட்டான், அடர்ந்த கூந்தல், கண்ணாடிக் காம்பு எது சிக்கினாலும் சத்தம் உள்ளே வரும். தலைமுடியைத் தாழ்வாகக் கட்டுங்க. கம்மலைக் கழட்டுங்க.
காதில் சீழ் வடிஞ்சா அடைப்பான் போடாதீங்க. டாக்டரைப் பாருங்க, சுடுவதைத் தள்ளிப் போடுங்க. முந்தின நாள் பட்ஸ் விட்டு அழுக்கு குடைவதும் வேண்டாம்.

7/
அடுத்து கண், உடம்பு.
👉 பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி
👉 முன்விளிம்பு உள்ள தொப்பி
👉 கழுத்தை ஒட்டிய, முழுக்கை பருத்தி டி-ஷர்ட்
👉 மூடிய ஷூ
துப்பாக்கியிலிருந்து வெளியே தெறிக்கும் காலி கேஸ் சுடச்சுட இருக்கும். அகலக் கழுத்துச் சட்டைக்குள் விழுந்தா ஆள் துள்ளுவார். கையில் லோடான துப்பாக்கியோடு துள்ளுவதுதான் ஆபத்து. துப்பட்டா, ஷால் வேண்டாம்.

8/
நம்ம வெயில் தெரியும்ல? காலையில் இட்லி, பொங்கல்னு ஏதாவது சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்துல ரெண்டு காபி குடிச்சா கை நடுங்கும். தண்ணீர் 2 லிட்டர், ஒரு ஓஆர்எஸ் பாக்கெட். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காம கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. தலைசுற்றல், குமட்டல் வந்தா துப்பாக்கியைப் பாதுகாப்பா ஒப்படைச்சுட்டு நிழலுக்கு வாங்க. அதுல வெட்கம் ஒண்ணுமில்லை.
சர்க்கரை நோயாளிகள் குளுக்கோஸ் வெச்சுக்கோங்க. முந்தின இரவு மது, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை இரண்டும் கூடாது.

9/
ஒரு எச்சரிக்கை. கை நடுங்காம இருக்கன்னு யாராவது ப்ரொப்ரனலால் மாத்திரை கொடுத்தா வாங்காதீங்க. ஆஸ்துமா இருந்தா மூச்சுத்திணறல் வரும். துப்பாக்கி சுடும் போட்டிகளில் அது தடை செய்யப்பட்ட மருந்தும்கூட. வேறு நோய்க்காக ஏற்கனவே எடுப்பவர்கள் தானாக நிறுத்தாம டாக்டரிடம் பேசுங்க.

10/
பலரும் மறக்கும் விஷயம் ஈயம். குண்டிலும் தோட்டாவைப் பற்றவைக்கும் பகுதியிலும் ஈயம் உண்டு. கையிலும் துணியிலும் படியும். சானிடைசர் ஈயத்தை எடுக்காது. சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும். கை, முகம் கழுவாம சாப்பிடாதீங்க. காலி கேஸைத் தொப்பியில் பொறுக்கி, அதே தொப்பியைத் தலையில் போடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் துணி மாத்திட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க. கர்ப்பிணிகள் இந்த வகுப்பைப் பிரசவத்துக்குப் பிறகு வெச்சுக்கலாம்.

11/
பயிற்சி முடிஞ்சு காதில் 'ங்ங்'னு ரீங்காரம், அடைச்ச மாதிரி உணர்வு இருக்கா? சூடான எண்ணெய் விடாதீங்க. அன்னைக்கே, முடியலைன்னா மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. இந்த வகைப் பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும். வீட்டுப் பேச்சு நல்லாவே கேட்கும். அதனால அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஆடியோகிராம் காட்டிடும்.

12/
கடைசியா, பயிற்சி நடத்துபவர்களுக்கு.
தோட்டாவை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, காலி கேஸையும் எண்ணி ஒப்படைக்கிறீங்க. அதே கணக்கில் காதடைப்பானையும் சேருங்க. இருப்பு இல்லைன்னா அன்னைக்கு ஃபயரிங் இல்லை, அவ்வளவுதான். முதலுதவிப் பெட்டியும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாரா ஒரு வண்டியும் ரேஞ்சில் நிக்கணும்.
பெற்றோர்களே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "காதுக்கு என்ன கொடுக்கிறீங்க?"
பதில் சரியா வரலைன்னா, பிள்ளை பையில் நீங்களே இரண்டு ஜோடி வெச்சு அனுப்புங்க.

பகிருங்கள். கேம்ப் போகும் ஒரு பிள்ளைக்காவது பயன்படும்.