பெரிய வண்டியின் விலையும் சிறிய வண்டியின் வரியும்

ஏப்ரல் வசந்த காலம் வந்துவிட்டால் நுவரெலியாவின் வீதிகளில் இடி முழங்குகிறது. மழைக்கு முந்திய இடியன்று. சமவெளியிலிருந்து மலையேறும் பெரும் மோட்டார் சைக்கிள்களின் முழக்கம். மகாகஸ்தோட்டைத் தோட்டத்து வளைவுகளில் 1930களிலேயே தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்துப் பழகிய ஊர் இது. சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்ட மாத்திரத்தில் நிமிர்ந்த முதுகை மீண்டும் வளைத்த தலைமுறையும் இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. ஆகவே அந்த வண்டி நம்மவர் கண்ணுக்கு வெறும் இரும்பன்று, அதிகாரத்தின் வாகனம். அதில் தாமும் ஒருநாள் ஏறிச்செல்ல நம் இளைஞர் விரும்புவதை நாம் குறைகூறோம். அவ்விருப்பத்திற்கு என்ன விலை கேட்கப்படுகிறது, அவ்விலையை வகுப்பவர் யார் என்பதே நம் கேள்வி.

வசதியுள்ளவன் வாங்குகிறான், இதில் அரசியலென்ன என்று கேட்பாருளர். அவர்கள் அமெரிக்காவின் கதையைக் கேட்கட்டும். 1983இல் ஜனாதிபதி ரீகன், 700 சி.சி.க்கு மேற்பட்ட அந்நிய மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதித் தீர்வையை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தினார். ஹார்லி டேவிட்சன் என்ற ஒரே கம்பனியைக் காப்பதற்காகவே ஒரு வல்லரசு கோடு கிழித்தது. தடையற்ற வாணிபம் என்று உலகுக்கு உபதேசித்தவர்களின் செய்கை இது! 2018இல் காட்சி மாறிற்று. ஐரோப்பிய ஒன்றியம் பதிலடியாக அதே வண்டிக்கு 6 சதவீதத் தீர்வையை 31 ஆக்கியது. வண்டியொன்றுக்கு ஏறக்குறைய 2,200 டொலர் கூடுமென்று கம்பனியே கணக்குச் சொல்லிற்று. அதே ஆண்டில் ஜனாதிபதி டிரம்ப், இந்தியா இவ்வண்டிக்கு விதித்த தீர்வையைப் பகிரங்கமாகச் சாடினார். இந்தியா அதனை 50 சதவீதமாகக் குறைத்தது. செல்வர் ஏறும் வண்டிக்காக ஜனாதிபதிகள் வாய்திறக்கின்றனர். ஏழை ஏறும் 100 சி.சி. வண்டிக்காக எந்த நாட்டில் எந்த மந்திரி வாய்திறந்தார்?

இத்தனை காவலிருந்தும் பெரும் வண்டியின் சந்தை சுருங்கியே வந்திருக்கிறது. ஹார்லி 2006இல் உலகெங்கும் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் வண்டிகளை விற்பனையாளருக்கு அனுப்பியது. 2024இல் அந்தத் தொகை ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. வாங்கியவர்கள் மூப்படைந்தனர், அவர்தம் பிள்ளைகளுக்கு அவ்விலையும் அவ்வெடையும் ஒத்துவரவில்லை. மறுபுறம், 1955இல் சென்னையில் வேரூன்றிய என்பீல்ட், இங்கிலாந்தில் தாய்க் கம்பனி மறைந்த பின்னும் நிலைத்து, 350 சி.சி. வண்டியையே நம்பி நின்று, 2024–25 நிதியாண்டில் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. 2020இல் இந்தியாவில் தன் ஆலையை மூடிய ஹார்லி, 2023இல் ஹீரோவின் கைபிடித்து 440 சி.சி. வண்டியோடு திரும்பிவந்தது. விலை 2 இலட்சத்து 29 ஆயிரம் இந்திய ரூபாய். மலை இறங்கிச் சமவெளிக்கு வந்தது சந்தை என்போம்.

அங்கேயும் அரசு கோடு கிழிக்கத் தவறவில்லை. 2025 செப்டெம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான வண்டிக்கு 18 சதவீத வரி, அதற்கு மேற்பட்டதற்கு 40 சதவீதம். இக்கோட்டால் இலாபமடைந்த முதலாளி யாரென்று நாமும் அறிவோம். எனினும் தேவை வேறு, ஆடம்பரம் வேறு என்ற நியாயமாவது அதில் தொனிக்கிறது.

இனி நம் தீவுக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகள் புதிய வண்டியின் விலைக்கும் மேலே விலைபோயின. 2022 ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு வந்தது. பெரும் வண்டி அந்த 4 லீற்றரில் நுவரெலியாவிலிருந்து கண்டி போய்ச் சேரும், திரும்பாது. சிறிய வண்டியோ தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரை வாரம் முழுவதும் சுமந்தது. எது தேவை, எது ஆடம்பரம் என்பதை அந்த 4 லீற்றரே தீர்ப்பளித்துவிட்டதே! ஆயினும் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீளத் திறக்கப்பட்டபோது அத்தீர்ப்பை எவரும் நினைவுகூரவில்லை. தீர்வையும் உற்பத்தி வரியும் சேர்ந்த தொகையின் மீது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. வரிக்கு மேல் வரி. லீக்ஸும் கரட்டும் பயிரிடுபவன் விதையும் மருந்தும் வாங்கப் போய்வரும் வண்டிக்கும் அதே 18.

அந்நியச் செலாவணியைக் காக்கவேண்டாமா என்பர். காக்கவேண்டும். 2024இல் தேயிலை ஏற்றுமதி ஈட்டித்தந்தது 140 கோடி டொலருக்கு மேல். அச்செலாவணியைக் கிள்ளிக் கொடுத்த கைக்குச் சொந்தமாக இரண்டு சக்கரம் கூடாதா?

கணக்கைப் பார்ப்போம். சிறிய வண்டிக்கு 5 இலட்சம் ரூபா கடன், 24 சதவீத வட்டி, நான்கு ஆண்டுத் தவணை என்று கொள்வோம். மாதம் 16,300 ரூபா. முடிவில் 7 இலட்சத்து 82 ஆயிரம். பெரிய வண்டிக்கு 25 இலட்சம் என்றால் மாதம் 81,500. முடிவில் 39 இலட்சத்துக்கு மேல். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஊக்குவிப்பும் சேர்த்து 1,750 என்றது. அந்த 1,750 ரூபாவையே எடுத்துக்கொண்டாலும் சிறிய வண்டியின் ஒரு மாதத் தவணைக்கு ஒன்பது நாளுக்கு மேற்பட்ட உழைப்பு; பெரியதற்கு நாற்பத்தாறு நாள். மாதத்தில் நாட்கள் முப்பதே. ரயர், சங்கிலி, காப்புறுதி, மலைப்பாதையில் தேயும் பிறேக் இவையெல்லாம் வேறு.

லீசிங்கில் வாங்குவோர் இன்னுமொன்றை அறியவேண்டும். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் இறுதித் தவணை முடியும் வரை வண்டி கம்பனியின் சொத்து. பதிவுப் புத்தகத்தில் முற்றுரிமையாளர் கம்பனி. பதிவுரிமையாளராக மட்டுமே நம்மவர் பெயர். மூன்று தவணை பிந்தியதால் சந்தைக்குப் போன இடத்திலேயே வண்டியைப் பறிகொடுத்து, கறிக்கூடையோடு பஸ்ஸில் திரும்பியவர்கள் நம் அலுவலகப் படியேறியிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கையொப்பமிட்ட பத்திரம் அவர்களால் வாசிக்க முடியாத மொழியிலே இருந்தது.

பாராளுமன்ற உறுப்பினருக்கும் உயர் உத்தியோகத்தருக்கும் தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரம் பல்லாண்டு காலம் வழங்கிய நாடு இது. பதவியின்பேரில் சலுகை கொடுக்க முடிந்தது. தேவையின்பேரில் கொடுக்க முடியாதென்பது எந்த நியாயம்? சிறு வண்டிக்கு வேறாகவும் குறைவாகவும் வரி வேண்டும். மரக்கறிச் செய்கையாளருக்கும் தோட்டத்து ஆசிரியருக்கும் குடும்பநல மாதுக்கும் முதல் வண்டிக்குத் தீர்வைச் சலுகை வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் மலையகப் பிரதிநிதிகள் இதனை எழுப்புவார்களா என்பதைப் பார்த்திருப்போம். அதுவரை, கையொப்பமிடப் போகும் ஒவ்வொருவரும் மொத்தத் தொகை எவ்வளவு, பிந்தினால் தண்டம் எவ்வளவு, பறிப்பதற்கு முன் எத்தனை நாள் அறிவித்தல் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி வாங்குவாராக. எழுதித்தர மறுக்கும் கம்பனியின் வாசலைவிட்டு இறங்குவாராக.