மண்டோர் வேலை வந்தால்

தோட்டத்தில் மண்டோர் வேலை காலியானால் பெரட்டில் அதே பேச்சுத்தான். துரை யாரைக் கூப்பிட்டார், யாருக்குக் கிடைக்கும் என்று. கிடைப்பவருக்குத்தான் தெரியும் அதிலுள்ள சங்கடம்.

குலை வெட்டும் தோழர் ஒருவருக்கு அந்த வேலை தர நிர்வாகம் தயார். ஆனால் கிராணி தனியாகக் கூப்பிட்டு, "முதல்ல சங்கத்தை விட்டுடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றாராம். வீட்டிலோ, "சம்பளம் கூடுதுன்னா போங்களேன், பெரியவ படிப்புக்கு ஆகுமே" என்கிறார்கள். அந்தத் தாய் சொல்வதிலும் தப்பில்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, சங்கத்தில் இருக்கக்கூடாது என்று முதலாளி நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. நிர்வாகப் பதவி போன்ற சிலவற்றுக்கே விதிவிலக்கு. மண்டோரையும் அதில் சேர்க்கப் பார்த்தால், எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் அதைக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் போதும்.

ஆனால் சட்டம் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மண்டோர் கையில் குலைக் கணக்கு இருக்கிறது. இன்று வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். நம் பாஷை தெரியாது, கேட்க நாதியில்லை. "பழுக்காத குலைன்னு பத்தைத் தள்ளிடு" என்று மேலேயிருந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? பால் நிறுக்கும் தராசுக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றவர்கள் நம் பாட்டன்மார். இதைப் பெரட்டில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. புருஷனும் பொஞ்சாதியும் வீட்டில் உட்கார்ந்து, எதைக் கொடுத்தாலும் எதைக் கொடுக்கமாட்டோம் என்று முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும்.

1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள் நம் மக்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். அந்தப் பத்து வெள்ளிக்கு வீட்டில் வேறு செலவு இல்லாமலா இருந்தது? அரிசிக் கடன், பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் இருந்தது. குடியிருக்கும் மண்ணை விடக்கூடாது என்ற முடிவு அதற்கு முன்னால் நின்றது.

மண்டோர் வேலையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நேர்மையான மண்டோர் ஒருவர் இருந்தால் அந்த லயத்துக்கே தெம்பு. சங்கத்தை விட்டால்தான் வேலை என்றால் மட்டும், நம் அபிப்பிராயம்: அவசரப்படவேண்டாம்.

சம்பளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். குறைந்தபட்சச் சம்பளமே 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஆகஸ்டிலிருந்து. குலை நிறைய விழும் மாதங்களில் வெட்டுக்காரர் மண்டோரைவிடக் கூடுதலாக எடுப்பதும் உண்டு. உங்கள் ஆறு மாதச் சம்பளச் சீட்டை எடுத்துவைத்து, நிர்வாகம் சொல்லும் தொகையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கூட்டத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள்.