ஒற்றுமை வேறு, உறவு வேறு

இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவன. அழுத்தம் உயர்ந்தால், கழுத்துத் தமனிகளிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை இருதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. இருதயமோ ஒவ்வொரு துடிப்பாலும் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. நீரிழிவு நீடித்தவர்களிடம் இந்நரம்புகள் பழுதுபடுவதுண்டு. அத்தகையோர் படுக்கையினின்று எழுந்தவுடன் அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரலாம். ஆகவே, ஒருவரிடம் இவ்வுறவு செவ்வனே இயங்குகிறதா என்று கணிப்பது உயிர்காக்கும் பணியாகும்.

துடிப்புகளுக்கு இடையேயுள்ள காலத்தை மின்பதிவிலிருந்தும், ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தை விரலில் பொருத்தும் கருவியிலிருந்தும் பெறலாம். இவ்விரு எண்தொடர்களும் எவ்வளவு ஒத்துச் செல்கின்றன என்பதைக் கூறுவது ஒட்டுறவு எண். அது உயர்ந்திருந்தால் உறவு வலுவாக உள்ளது என்று உடனே எழுதிவிடுவது தவறாகும்.

காரணம் எளியது. மூச்சை உள்ளிழுக்கையில் இருதயம் சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தணிகிறது. அழுத்தமும் மூச்சோடு ஏறி இறங்குகிறது. இதுவன்றி, ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒருமுறை எழும் மெல்லலை இரண்டிலுமே உண்டு; 1876-இல் அழுத்தத்தில் இதனை விவரித்த மேயரின் பெயரால் அது வழங்குகிறது. இரு வீடுகளில் ஆடும் தொட்டில்கள் சிறிது நேரம் ஒருங்கே ஆடுவதாகத் தோன்றலாம். அவற்றை ஒரே கயிறு இழுப்பதாகக் கொள்ளலாமா? 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் திருச்சபைத் திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவு 0.95 என்று யூல் 1926-இல் காட்டினார். அவ்விரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லை என்பது வெளிப்படை.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஒவ்வொரு தொடரின் இயல்பையும் காத்து, அவற்றின் பிணைப்பை மட்டும் அறுக்கும் மாற்றுத் தொடர்களை ஆக்க வேண்டும். தைலர் முதலியோர் 1992-இல் இதற்கொரு கணித முறையை வகுத்தனர். கருவி வசதி இல்லாதோர், ஒருவரின் துடிப்புத் தொடரை வேறொருவரின் அழுத்தத் தொடரோடு இணைத்தே பார்க்கலாம். இத்தகைய 19 பொய் இணைகளிலும் கிடைக்கும் எண்களை மெய் இணையின் எண் விஞ்சினால், அது தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்றே.

உடலியல் ஏற்கனவே நிறுவிய உறவுக்குச் சோதனை எதற்கு என்று சிலர் வினவலாம். மனித உடலில் இவ்வமைப்பு உண்டென்பதில் ஐயமில்லை. இந்த மனிதரிடம், இந்தப் பதிவில் அது இயங்குகிறதா என்பதே கேள்வி. பழுதுற்ற நரம்பை நலமென்று கூறிவிட்டால், அதன் தீங்கு நோயாளியையே சாரும்.

சோதனையில் தேறிய எண்ணும் முடிந்த முடிபன்று. மூச்சே இரண்டையும் ஆட்டியிருக்கக்கூடும். எனவே களப்பணியாளர் மூச்சையும், சோதனைக்குள்ளானவர் படுத்திருந்தாரா நின்றாரா என்பதையும் தவறாது குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் ஒட்டுறவைக் கற்பிக்கும் அன்றே பொய் இணைகளையும் மாணவர் கையாலேயே கணக்கிடச் செய்தல் நன்று. பொய் இணைகளோடு ஒப்பிடப்படாத எண், எவ்வளவு பெரிதாயினும், சான்றாகாது.