குழாய்க்குப் பயந்து நோயை வளர்ப்பதா?

"நெஞ்சு எரியுது, ஒரு கேஸ் மாத்திரை கொடுப்பா!"

சென்னையில் எந்த மருந்துக் கடை வாசலில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. மாதக்கணக்கில் மாத்திரையிலேயே காலம் தள்ளுகிறவர்களை என்ன சொல்வது? "எண்டோஸ்கோப்பி பார்த்துடலாம்" என்று டாக்டர் சொன்னால் போதும், ஆசாமி அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். "குழாய் விட்டா மூச்சு அடைச்சிடுமாம்" என்று யாரோ கிளப்பிய பீதி!

மூச்சு அடைக்காது. குழாய் போவது உணவுக் குழாய் வழியாக. மூச்சு போகும் பாதை வேறு. விரல் கனம்கூட இல்லாத, வளைந்து கொடுக்கும் குழாய் அது. நுனியில் விளக்கும் கேமராவும் உண்டு. 6 மணி நேரமாவது சாப்பிடாமல் போக வேண்டும். தொண்டை மரத்துப் போக மருந்து அடிப்பார்கள். இடது பக்கமாகப் படுக்கவேண்டும். குமட்டும்; கண்ணில் தண்ணீர் வரும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். சதையில் துளி கிள்ளி எடுத்தாலும் வலி தெரியாது. குடலில் ஓட்டை விழுவது போன்ற ஆபத்து ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு வந்தால் உண்டு.

1957-ல் அமெரிக்காவில் வளையும் கண்ணாடி இழைக் குழாயை உருவாக்கிய டாக்டர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், நோயாளிக்கு விடும் முன் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார்! அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிக் கொண்டிருந்தது. குழாய் வழியே கிள்ளி எடுத்த சதையை ஆராய்ந்து, பெரும்பாலான அல்சருக்கு ஒரு கிருமியே காரணம் என்று காட்டினார்கள் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும். 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியை இரண்டு வார மருந்தில் ஒழிக்கலாம்.

வயிறு உப்பிய எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. ஆனால் சோறு தொண்டையில் சிக்குகிறதா? மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா? காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா? ஓயாத வாந்தியா? ரத்தசோகையா? தாமதம் கூடாது. ரத்த வாந்தி என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். புற்றுநோயாக இருந்தால் மாத்திரை எரிச்சலைத்தான் அடக்கும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். திருடனை வீட்டுக்குள் விட்டுவிட்டு வாசலில் காவல் நிற்கிற கதைதான்!

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லவேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. மயக்க ஊசி போட்டுக் கொண்டால் அன்று ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. கூட ஒரு ஆள் வரட்டும்.

காசில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லியிலும் இந்தச் சோதனை செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. "காலையில வெறும் வயித்தோட வாங்க" என்று சீட்டை நீட்டிவிட்டால் போதுமா? என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக என்று நாலு வரி தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுங்கள். பாதிப் பேர் ஓடிப் போவது நோய்க்குப் பயந்தல்ல, விவரம் தெரியாமல்தான்!