வங்குரோத்தும் நம் மயக்கங்களும்

விழா மலரிலே கடனைப் பற்றிப் பேசலாமோ என அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். எனினும் மாளிகாவத்தைத் தொடர்மாடிகளிலும், கொட்டாஞ்சேனைக் கடைகளிலும், வெள்ளவத்தை இல்லங்களிலும் வாழும் நம்மவர்க்கு இது புறம்பான பொருளன்று. 2022 ஏப்ரல் 12 இல் இந்நாடு வெளிநாட்டுக் கடனிறுப்பை நிறுத்தியபோது, 'வங்குரோத்து' என்னுஞ் சொல் சிறுவர் வாயிலும் புகுந்தது. சொல் பரவிய அளவுக்குப் பொருள் பரவவில்லை என்பதே நம் கவலை.

தனியாள் முறிவுக்கு இந்நாட்டில் நெடுங்காலம் அடிப்படையாக நின்றுவந்தது 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். மாவட்ட நீதிமன்றிலே மனுச் செய்த அன்றே கடன் கரைந்துவிடும் என்பது முதல் மயக்கம். மனு தொடக்கமேயன்றி முடிவன்று. சொத்து, நீதிமன்று நியமிக்கும் பொறுப்பாளர் கைக்குச் செல்லும், கடன் கொடுத்தோர் கூடுவர், கணக்கேடுகள் ஆராயப்படும். அதன் பின்னரே சான்றிதழ். அச்சான்றிதழுக்கும் பரீட்சையிற்போல மூன்று வகுப்புகள் வகுக்கப்பட்டமை அறிந்து நாம் வியந்தோம். தவிர்க்கவொண்ணா நட்டத்தால் வீழ்ந்தவர்க்கு முதலாம் வகுப்பு. தம் பிழையால் வீழ்ந்தவர்க்கு மூன்றாம் வகுப்பு. இரண்டுங் கலந்தார்க்கு நடுவகுப்பு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற பெரியோர், கணக்கெழுதாதவன் படும் பாட்டை அறிந்தே கூறினர் போலும்.

உடுத்த துணியும் பறிபோகும் என்பது இரண்டாம் மயக்கம். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையே, கடனாளியின் இன்றியமையா உடைகளையும் படுக்கையையும் தொழிற் கருவிகளையும் கைப்பற்றாது விடுகின்றது. ஆனால் அஞ்சிப் பொருளை மைத்துனர் பெயருக்கு மாற்றி ஒளிப்பவர், இல்லாத ஆபத்துக்கு அஞ்சி உள்ள குற்றத்தில் விழுகின்றார்.

ஈடு வைத்த வீடும் அடகு வைத்த நகையும் மனுவினால் மீளும் என்பது மூன்றாம் மயக்கம். ஈடு பெற்றவரின் உரிமை அப்பொருளைப் பற்றியே நிற்கும்.

யாவற்றிலும் கொடியது பிணை பற்றிய மயக்கம். நண்பரொருவர் கடனுக்கு நாம் ஒருமுறை கையொப்பமிட்டோம். 'பெயருக்குத்தான் மாஸ்ரர்' என்றார், நம்பினோம். அவர் தொழில் முறிந்தது. கடனாளிக்குக் கிடைக்கும் விடுதலை பிணையாளியை விடுவிக்காது என்பதை, நம் சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்ட பணம் மூன்றாண்டு கற்பித்தது. இலக்கணம் கற்பிக்கும் நாம் ஒரு பத்திரத்தின் நான்கு வரிகளைப் படியாது விட்டோமே என்று நாணினோம்.

ஆயினும் அந்நண்பரை நாம் பகைக்கவில்லை. அவர் நம்மைக் கண்டு தெருமாறி நடந்ததே பணத்தினும் பெரிய இழப்பு. நட்டமடைந்தவனைக் கள்வனாக எண்ணும் நம் சமூகவழக்கமே, பலரைக் காலத்தே ஆலோசனை நாடவிடாது தடுக்கின்றது. காணி, வீட்டு ஈட்டுக் கடன்களை இணக்கித் தீர்ப்பதற்கென 1941 இலேயே கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதனை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்?

ஆதலின் நாம் வேண்டுவது இரண்டு. மேல்வகுப்பு மாணவர்க்குக் கணக்கேடு, ஈடு, பிணை ஆகியவற்றைக் கல்லூரி கற்பித்தல் வேண்டும். சட்டமும் கணக்கியலும் கற்ற பழைய மாணவர், மாதம் ஒரு மாலையேனும் கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து, இடருற்றோர்க்கு மறைவாக வழிகாட்டல் வேண்டும். விழா நாளில் தோளோடு தோள் நிற்கும் நாம், விழுந்த நாளிலும் அவ்வாறு நிற்போமாக.